ஆறு மாதம் டெல்லிக்கு, ஐந்து வருடம் வெள்ளிமலைக்கு

ஊராட்சி மன்ற அலுவலகங்கள் பலவற்றில் தலைவரின் நாற்காலிக்கு மேலே ஒரு பெயர்ப் பலகை இருக்கும். இதுவரை தலைவராக இருந்தவர்கள் யார் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பெயின்டில் எழுதியிருப்பார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்தப் பலகையை உள்ளபடி எழுதினால், 2016 அக்டோபருக்கும் 2021 அக்டோபருக்கும் நடுவே எந்த மனிதரின் பெயரும் வராது. ‘தனி அலுவலர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டியதுதான். கிட்டத்தட்ட ஒரு முழுப் பதவிக் காலம், மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஒருவர்கூட இல்லாமல் கழிந்திருக்கிறது.

பதவிக் கால வரம்பு என்றாலே நம் பத்திரிகைகளில் வாஷிங்டனும் கொழும்பும்தான் வரும். ஒருவர் எத்தனை முறை அதிபராகலாம், இரண்டா மூன்றா என்பது சுவையான விவாதம். டிரம்ப் மூன்றாவது முறை பற்றி வாயெடுத்தால், 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது திருத்தத்தை நம் டிவி விவாதக்காரர்களும் பிரித்து மேய்கிறார்கள். ஒருவர் இறங்கிய மறுநாள் அந்த நாற்காலியில் யார், எத்தனை நாளுக்குள் என்ற கேள்விக்கு அந்தச் சுவை கிடையாது. கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையடிவாரத்தில் நின்று பார்த்தால், இந்தச் சுவையில்லாத கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

இந்தியக் குடியரசுத் தலைவருக்கு வரம்பே இல்லை. ஒருமுறை இருந்தவர் மறுபடியும் நிற்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 57ஆவது கூறு. எத்தனை முறை என்று அது கணக்குப் போடவில்லை. ராஜேந்திர பிரசாத் 1952, 1957 என இரண்டு தேர்தல்களில் வென்று 1962 வரை இருந்தார். அவருக்குப் பிறகு யாரும் இரண்டாவது முறை வரவில்லை. வரம்பு இல்லாததால் குடி முழுகிப்போகவும் இல்லை, ஏனென்றால் ராஷ்டிரபதி பவனில் இருப்பவரால் தன் காலத்தைத் தானே நீட்டிக்கொள்ள முடியாது. ஆனால் காலியிடத்தை நிரப்பும் விஷயத்தில் அரசமைப்பை எழுதியவர்கள் கறாராக இருந்தார்கள். பதவிக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். இடையில் மரணமோ ராஜினாமாவோ நேர்ந்தால் ஆறு மாதத்துக்குள் புதியவர் வர வேண்டும். அதுவரை துணைத் தலைவர் பார்த்துக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டுக்கு 1969இல் சோதனை வந்தது. மே 3ஆம் தேதி ஜாகிர் உசேன் பதவியிலேயே காலமானார். துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். அவரும் தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் விலகிவிட்டால் யார்? அரசமைப்பில் அதற்கு நேரடியான பதில் இல்லை. நாடாளுமன்றம் மே மாதமே ஒரு சட்டம் போட்டு, அடுத்தது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்று வரிசையை எழுதியது. அதன்படி ஹிதயதுல்லா ஒரு மாதத்துக்கு மேல் குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்தார். ஆகஸ்ட் 24இல் கிரி முறைப்படி பதவியேற்றார். ஓட்டை தெரிந்த அந்த மாதத்திலேயே அடைத்தார்கள். 2025 ஜூலை 21 அன்று ஜகதீப் தன்கர் துணைத் தலைவர் பதவியிலிருந்து திடீரென விலகியபோதும், செப்டம்பர் 9இல் திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். டெல்லியில் நாற்காலி காலியானால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் அந்தக் கடிகாரம் வேறு மாதிரி ஓடும். சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்க 1948இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மலைமேல் ஜாகிர் எனப்படும் பரம்பரை ஆட்சிப் பகுதிகள் மூன்று நீடித்தன: சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்த உரிமை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பட்டம் கட்டினால் ஆயுள் உள்ளவரை. அதன் பிறகு வாரிசு. வரம்பு கிடையாது, அடுத்தது யார் என்ற குழப்பமும் அநேகமாகக் கிடையாது. 1947ஆம் ஆண்டின் சுதந்திரமும் 1950ஆம் ஆண்டின் குடியரசும் மலை ஏறவில்லை. 1976 ஜூனில்தான் அரசு அந்த ஜாகிர்களைக் கையில் எடுத்தது.

அது எந்த 1976 என்பதையும் பார்க்க வேண்டும். ஜனவரி 31ஆம் தேதி கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டு, தமிழ்நாடு ஆளுநர் ஆட்சியில் இருந்தது. 1971இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை அந்த மார்ச்சில் கலைந்து தேர்தலுக்குப் போயிருக்க வேண்டும். நெருக்கடி நிலையைக் காரணம் காட்டி ஆயுளை நீட்டிக்கொண்டது. போதாதென்று அந்த ஆண்டின் இறுதியில் 42ஆவது திருத்தம் மக்களவையின் ஐந்தாண்டை ஆறாண்டு ஆக்கியது. ஜனதா ஆட்சி வந்த பிறகுதான் அது பழையபடி ஐந்தானது. ஆக, கல்வராயன் மலையில் பரம்பரை ஆட்சியை முடித்துவைத்தது, தேர்தல் இல்லாத ஓர் ஆட்சி. பட்டக்காரர் எழுந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் அதிகாரி. மாநிலத்தில் ஊராட்சித் தேர்தல் 1970க்குப் பிறகு 1986இல்தான் நடந்தது, அதற்கடுத்தது 1996இல். மலையில் ஜாகிர்தாருக்கு உண்மையான வாரிசு வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.தான் என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது இதற்கெல்லாம் முடிவு வந்துவிட்டதாகத்தான் நினைத்தோம். ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு ஒரு நாளும் மேலே கிடையாது; அந்த ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும்; இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். 243-இ என்ற கூறு இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரண நிலை தவிர வேறு எதையும் தாமதத்துக்குச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று 2006இல், அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில், உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது.

அப்படியும் 2016 வந்தது. அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவிப்பு வெளியாகி, மனுத் தாக்கலும் நடந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று திமுக சார்பில் வழக்கு. அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அதே மாதம் 24ஆம் தேதியோடு பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. வழக்கில் நியாயம் இருந்தது; அதன் பலனை அனுபவித்திருக்க வேண்டியவர்கள் கல்வராயன் மலை போன்ற இடங்களில் வாழும் மலையாளிப் பழங்குடிகள். அவர்களுக்குக் கிடைத்ததோ ஐந்து வருடத் தனி அலுவலர்.

அன்றைய சென்னையை நினைத்துப் பாருங்கள். முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். டிசம்பர் 5ஆம் தேதி இரவு அவர் மறைந்தார், விடிவதற்குள் ஓ.பன்னீர்செல்வம் பதவியேற்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்து பன்னீர்செல்வம் போய், சசிகலா முதல்வராவார் என்ற பேச்சும் போய், எடப்பாடி பழனிசாமி வந்தார். இத்தனை களேபரத்திலும் கோட்டையில் அந்த நாற்காலி ஒரு பகல்கூடக் காலியாக இருக்கவில்லை. மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் நாற்காலிகள்தாம் காலியாக இருந்தன. தனி அலுவலர்களின் காலத்தை ஆறு மாதம், மறுபடி ஆறு மாதம் என்று சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து நீட்டித்துக்கொண்டே போனார்கள். முதலில் இடஒதுக்கீடு காரணம், பிறகு வார்டு மறுவரையறை காரணம்.

கள்ளக்குறிச்சிக்குக் கூடுதலாக ஒரு காரணம் சேர்ந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் தொடங்கினார்கள். பட்டாசு வெடித்தோம். அடுத்த மாதமே, புதிதாகப் பிரிந்தவை, பிரிக்கப்பட்டவை என ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடித்த பிறகே தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற 27 மாவட்டங்கள் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போட்டன. நமக்கு 2021 அக்டோபர் 6, 9. மாவட்டம் கிடைத்த ஆண்டு, தலைவர் இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப்போன ஆண்டாகவும் ஆனது.

அந்த ஐந்தாண்டு தரையில் எப்படி இருந்தது? ஊராட்சிப் பணம் வெளியே வர வேண்டுமானால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்; இதைத்தான் ‘செக் பவர்’ என்பார்கள். தலைவர் இல்லாதபோது அந்தக் கையெழுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகிறது. ஒன்றியத்தில் எத்தனை ஊராட்சி உண்டோ அத்தனைக்கும் அவரே தனி அலுவலர். மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரில் காயில் எரிந்துபோனால், தலைவர் இருக்கிற ஊரில் ராத்திரியே அவர் வீட்டு வாசலில் நின்று கத்தலாம். அவரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு, பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். அடுத்த தேர்தலில் அதே தெருவில் ஓட்டுக் கேட்க வேண்டுமே. தனி அலுவலர் காலத்தில் ஊராட்சிச் செயலரிடம் சொல்லி, அவர் ஒன்றிய அலுவலகம் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய் எழுதிக் கொடுத்து, எஸ்டிமேட் போட்டு, கையெழுத்தாகி வர வேண்டும். சேராப்பட்டு, இன்னாடு பக்கத்து உள் கிராமங்களில் இருப்பவருக்கு வெள்ளிமலை போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அதிகாரி கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும், மாற்றலாகிப் போய்விடுவார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் அந்த ஆண்டுகளில் நிறுத்திவைக்கப்பட்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் வெளியுலகம் மலையைத் திரும்பிப் பார்த்தது. கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேட்டது. தலைவர்கள் இருந்திருந்தால் சாராயம் இருந்திருக்காது என்று நான் வாதாடப்போவதில்லை. 2024இல் தலைவர்கள் இருக்கவே செய்தார்கள். ஆனால் நீதிமன்றம் கேட்ட அந்தப் பட்டியல், கிராம சபையில் தலைவரை நிற்கவைத்துக் கேட்டிருக்க வேண்டிய பட்டியல். ஐந்து வருடம் கேட்க ஆள் இல்லாமல் இருந்த ஊருக்குக் கேட்கிற பழக்கமே விட்டுப்போகும்.

கடல் தாண்டி ஒரு நடை போய் வரலாம். இலங்கையின் 1978 அரசமைப்பில் அதிபருக்கு இரண்டு முறை என்று வரம்பு இருந்தது. ஜே.ஆர்.ஜெயவர்த்தன அந்த வரம்பை மீறவில்லை. 1982 டிசம்பரில் ஒரு கருத்து வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத் தேர்தலையே ஆறு ஆண்டுக்குத் தள்ளிவைத்தார், அவ்வளவுதான். மகிந்த ராஜபக்ச 2010இல் 18ஆவது திருத்தத்தின் மூலம் வரம்பைத் தூக்கினார். 2015 ஜனவரியில் மூன்றாவது முறை நின்று தோற்றார். அதே ஆண்டு 19ஆவது திருத்தம் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதிபர் கோத்தபய நாட்டை விட்டு ஓடிப்போய் ராஜினாமா அனுப்பிய ஆறே நாளில் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு ரணிலை அமர்த்தியது. ரணிலைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. நாற்காலி காலியாக இல்லை.

அதே நாட்டில், யாழ்ப்பாணத்தில்? 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலம், விக்னேஸ்வரன் முதலமைச்சராக இருந்தபோது, 2018 அக்டோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபைக்கு அதற்கு ஓராண்டு முன்பே முடிந்திருந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம், எல்லை மறுவரையறை முடியவில்லை என்று சொல்லியே தேர்தல் ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. மாகாணத்தை ஆளுநர் பார்த்துக்கொண்டார். கொழும்பில் இரண்டு தடவையா மூன்று தடவையா என்று அரசமைப்பைத் திருத்தித் திருத்தி எழுதிய ஆட்சிகள், யாழ்ப்பாணத்தில் அதன் பிறகு ஒரு தடவைகூட மாகாண சபைத் தேர்தல் வைக்கவில்லை. மறுவரையறை என்ற காரணத்தைக் கேட்டதும் கள்ளக்குறிச்சிக்காரனுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதை போலத்தான் இருக்கும். பக்கத்திலிருக்கும் புதுச்சேரியின் கதையோ இன்னும் மோசம்: 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 2006இல். அந்த மன்றங்கள் 2011இல் முடிந்த பிறகு மறுபடியும் அதிகாரிகள்தான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: வரம்பு போட வேண்டியது தேர்தல் தேதியை நகர்த்தக்கூடிய கைக்கு. ராஜபக்சவால் அரசமைப்பை மாற்ற முடிந்தது. எனவே அவருக்கு வரம்பு வேண்டும். இந்திராவால் மக்களவையின் ஆயுளை நீட்ட முடிந்தது. ஊராட்சிப் பிரசிடெண்டால் எதை நீட்ட முடியும்? மாவட்ட ஆட்சியர் நினைத்தால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவில் அவரையே பதவிநீக்கம் செய்ய முடியும். இருந்தும் பிரசிடெண்டுகளுக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று சட்டம் வேண்டும் எனப் பேசுகிறவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். கிரிக்கெட் வாரியத்து நிர்வாகிகளுக்கும் கூட்டுறவு வங்கி இயக்குநர்களுக்கும் வரம்பு வைத்த நாட்டில் அந்த ஆசை எழுவது இயல்புதான். எனக்கு உடன்பாடில்லை.

ஒரு காரணம், சுழற்சி முறை அந்த வேலையை ஏற்கெனவே செய்கிறது. இடஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை சுழலும்போது, பொதுவில் இருந்த ஊராட்சி பெண்களுக்குப் போகும். பட்டியல் சாதிக்கு ஒதுக்கியது பொதுவாகும். யாரும் நிரந்தரமாக உட்கார வழி இல்லை. இன்னொரு காரணம் கசப்பானது. ஆள் மாறினாலும் நாற்காலி மாறாமல் இருக்கும் வித்தையை நம் ஊர்கள் நன்றாகக் கற்றுவைத்திருக்கின்றன. பெண்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டதும் ‘பிரசிடெண்ட் வீட்டுக்காரர்’ என்று ஒரு பதவி புதிதாக முளைத்தது. சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. மன்றக் கூட்டத்தில் மட்டும் அவருக்கு நாற்காலி உண்டு. மதுரைப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை என்ன நடந்தது என்பது நாடறிந்தது: தனித் தொகுதியில் தேர்தலே நடக்காது, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார்.

நம் மாவட்டத்துக்கே வருகிறேன். எடுத்தவாய்நத்தத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர், தன்னைத் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கிறார்கள் என்று புகார் சொல்ல வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட் 15ஐ ஒட்டி, தலைமைச் செயலர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதிய பிறகு, போலீஸ் பாதுகாப்போடு அவர் கொடியேற்றினார். முறைப்படி தேர்தல் நடந்து, முறைப்படி வென்று, முறைப்படி பொறுப்பேற்று ஏறக்குறைய ஓராண்டு ஆன பிறகு நடந்தது இது. இங்கே ‘முன்னவர் இரண்டு முறைக்கு மேல் கூடாது’ என்ற சட்டம் எதைச் சாதித்திருக்கும்? புதியவரின் கையில் கொடிக்கயிறும் செக் புத்தகமும் முதல் நாளே வந்து சேர்வதை உறுதிசெய்கிற நிர்வாகம்தான் தேவைப்பட்டது.

எனவே வரம்பைத் தனி அலுவலருக்கு வையுங்கள். ஆறு மாதம், ஒரே ஒரு தடவை, நீட்டிப்பு கிடையாது. அந்த ஆறு மாதமும் முடிந்தால், இருக்கிற பழைய வார்டு எல்லையிலேயே, இருக்கிற பழைய இடஒதுக்கீட்டிலேயே, மாநிலத் தேர்தல் ஆணையம் அரசைக் கேட்காமல் தேர்தலை அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் கை வைத்தால் போதும். வார்டு எல்லை பழசாக இருந்தால் அநியாயம் ஆகாதா என்பார்கள். மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்திவைத்து, 2001 கணக்கில் வரைந்த தொகுதி எல்லைகளோடு இத்தனை தேர்தல்களை நடத்தியிருக்கிறோம். இன்னாட்டின் வார்டு எல்லை இன்னும் ஒரு முறை பழசாக இருந்தால் வானம் இடிந்து விழாது.

அதிகாரி இருந்தால் கமிஷன் இல்லை, கோஷ்டிச் சண்டை இல்லை என்று ஊர்களிலேயே சிலர் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. கோஷ்டிச் சண்டையில் ஒரு ஊராட்சி எப்படி முடங்கும் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பிரசிடெண்டின் கமிஷன் டீக்கடையில் பேசப்படும். எத்தனை சதவீதம் என்பது வரை தெரியும். அலுவலகத்துக்குள் நடக்கும் கணக்கு அப்படித் தெருவுக்கு வராது. வந்தாலும் ஓட்டால் இறக்கிவிட முடியாது.

27 மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்ததால் அவை 28 மாவட்டங்களாகியிருந்தன. தேர்தல் நடக்கவில்லை; மறுவரையறையைக் காரணம் காட்டித் தனி அலுவலர்கள் வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் 2021 அக்டோபர் 20இல் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. 2016இலும் அதற்குப் பிறகும் தனி அலுவலர் நீட்டிப்பை அதிமுக அரசு நியாயப்படுத்தியது, திமுக எதிர்த்தது. 2025இல் திமுக அரசு நியாயப்படுத்தியது, அதிமுக எதிர்த்தது. இரண்டு கட்சிகளிலும் இரண்டு பக்க வாதமும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருத்த மசோதாவை எழுத வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை.